குறி இடுவோரும் ஆய்வு எழுதுவோரும்

மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு, வடிவமைப்புத் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தவள் நான். "உங்கள் துறை எது?" என்னும் கேள்வி நேர்காணல்தோறும் எழுகிறது. வளங்குன்றா வடிவமைப்பு, அமைப்புசார் வடிவமைப்பு, தகவல்தொடர்பு வடிவமைப்பு என மூன்றையும் சேர்த்துச் சொன்னால், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள். என் ஆய்வுக்களம் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை என்பதே என் சிக்கல்.

மட்டாஞ்சேரியில் வசிக்கிறேன். பக்கத்தில், ஃபோர்ட் கொச்சியில் டோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் எனச் சொல்லப்படும் வண்ணார் சமூகத்தவர் இன்றும் அங்கே தமிழ் பேசித் தொழில் செய்கிறார்கள். துணி உலர்த்தக் கவ்வி கிடையாது. முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கிடையே முனையைச் செருகிவிடுகிறார்கள். வெயிலும் கஞ்சியும் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன.

என்னை ஈர்த்தது வண்ணார் குறி. மரபாகச் சேராங்கொட்டைச் சாற்றால் இடப்பட்டது. ஆங்கிலத்திலும் அக்கொட்டைக்குக் குறியிடும் கொட்டை என்றே பெயர். குறி வெள்ளாவியில் அழியக் கூடாது, உடுத்துபவர் கண்ணில் படக் கூடாது, வெளுப்பவர் குடும்பத்தில் எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். புள்ளி, கோடு எனச் சில உறுப்புகளை மாற்றி மாற்றிச் சேர்த்தே எத்தனையோ வீடுகளைப் பிரித்தறிய முடிகிறது. சில ஒலியன்களைக் கொண்டு பல்லாயிரம் சொற்களை ஆக்கும் மொழியின் உத்தியும் இதுதான். இதை ஒருவர் கணினியில் வரைந்திருந்தால் வடிவமைப்பு என்போம். வண்ணார் செய்தால் குலத்தொழில் என்கிறோம்.

இந்தப் பாகுபாட்டுக்கு எதிராகத் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்த பேராசிரியர் ஒருவர் நமக்கு உண்டு. சென்னையில் பிறந்த எம். பி. ரஞ்சன் (1950–2015), அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தவர். வடகிழக்கின் மூங்கில், பிரம்பு வேலைகளைப் பற்றி 1986இல் சக ஆய்வாளர்களுடன் ஒரு நூல். பின்னர் அதிதி ரஞ்சனுடன் தொகுத்த, நாடு தழுவிய கைவினைத் தொகுப்பான 'ஹேண்ட்மேட் இன் இந்தியா'. கைவினைஞரின் அறிவை வகுப்பறைக்குக் கொண்டுவந்ததையே அவரது பெரும்பணியாக நான் கருதுகிறேன். அதற்கு மதிப்பெண் போடும் கட்டம் இன்றைய விண்ணப்பப் படிவத்தில் எங்கே இருக்கிறது?

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்னும் கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நீக்கியது. நல்லதுதான். ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடியும் கட்டுரைகளே எண்ணப்படுகின்றன. ஈராண்டுக் களப்பணியைவிட அவசரமாக எழுதிய இரு கட்டுரைகள் அங்கே எடை கூடியவை. இது சோம்பலுக்கு நான் தேடும் சாக்கு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கொஞ்சம் உண்மையும் உண்டு.

சென்ற மாதம் அங்கே ஒரு மூதாட்டி கேட்டார்: "எங்களப் பத்தி எழுதுறியே, எங்களுக்குப் படிக்க வருமா அது?" ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. நெறியாளரிடம் தமிழ் வடிவம் ஒன்றைப் பின்னிணைப்பாகச் சேர்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். விதியில் இடமில்லை என்கிறார். விடை வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. முதல் இயலைத் தமிழில் எழுதி அங்கேயே வாசித்துக்காட்டப் போகிறேன். தப்பு இருந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன் என்று பாட்டி இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.