ராமானுஜத்தின் கோடுகள் நகரட்டும்

“சார், இவருக்கு ஏன் பாதி மண்டையைக் காணோம்?”

‘ரயான்’ படத்தைப் போட்டுக் காட்டியபோது ஒரு பையன் கேட்டான். செங்கல்பட்டில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழக்கம் விடவில்லை; தெருப் பிள்ளைகளைச் சனிக்கிழமை மாடிக்கு அழைத்து வரைய வைக்கிறேன்.

2004இல் கிறிஸ் லாண்ட்ரெத் எடுத்த அனிமேஷன் ஆவணப்படம் அது, 14 நிமிடம்தான். கனடாக்காரர் ரயான் லார்க்கின், மனிதர்கள் நடப்பதை மட்டுமே வரைந்து செய்த ‘வாக்கிங்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பிறகு போதை, குடி. கடைசியில் மாண்ட்ரியல் தெருவில் சில்லறைக்குக் கை நீட்டினார். அவருடைய சொந்தக் குரலையே பதிவுசெய்து, சிதைந்த ஓர் உருவத்துக்குக் கொடுத்தார் லாண்ட்ரெத். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. லார்க்கின் 2007இல் காலமானார்.

எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? குடியை விடச் சொல்லி இயக்குநர் புத்தி சொல்ல, லார்க்கின் சீறுகிறாரே, அதுதான். தன்னைப் படமெடுப்பவரையே அதட்ட அவருக்கு இடம் இருந்தது.

நம் கரையில் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கிப் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் வரும். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் தொடங்கியது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். பாத்திக் துணி விற்றுப் பிழைத்துக்கொண்டே படம் வரைந்தார்கள். அவர்களில் ஒருவர் கே. ராமானுஜம். பேச்சு திக்கும், மனநோயும் இருந்தது. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவருடைய இங்க் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கோபுரங்கள், மண்டபங்கள், பாம்புகள், பறக்கும் மிருகங்கள், அலங்காரப் பெண்கள். நடுவே தொப்பி போட்ட ஓர் ஆள். அந்த ஆள் அவரேதான். மயிரிழைக் கோடுகள் தாளில் இம்மியிடம் விடாமல் நெளிகின்றன. என் பிள்ளைகள் அச்சுப்படத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

இவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் நோய்க்கும் சாவுக்கும் தாவிவிடுகிறார்கள். எனக்கு அது சலித்துவிட்டது. லார்க்கின் நொறுங்கியபோது அவருடைய படங்களும் நின்றன. அதனால் அந்தக் கதைக்குச் சரிவே மையம். ராமானுஜத்தின் உடம்பும் மனமும் தளர்ந்திருக்கலாம், கை தளரவில்லை. ‘ரயான்’ பாணியை அப்படியே இவருக்குப் பூட்டினால் அநியாயம். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், நாம் எதை வேண்டுமானாலும் அவர் வாயில் திணித்துவிடலாம் அல்லவா?

ஆகவே அவருடைய கோடுகளை மட்டுமே வைத்து ஓர் அனிமேஷன் படம் வேண்டும். அந்தத் தொப்பிக்காரர் மண்டபத்துக்குள் நடக்கட்டும், மிருகத்தின் மேல் ஏறட்டும். அழுகாச்சி வயலின் வேண்டாம், நடிகரின் பின்னணிக் குரலும் வேண்டாம். அவரை அறிந்தவர்கள் பேசினால் போதும். எஸ்.ஜி. வாசுதேவ் போன்ற அன்றைய தோழர்களுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் சொல்லித்தருகிறார்கள்; அங்கிருந்து ஈஞ்சம்பாக்கம் அதிகத் தூரமில்லை. மாணவர்களுக்கு ஒரு காமிராவும் பயணப்படியும் கொடுத்து, அந்தப் பெரியவர்களின் குரலை இந்த ஆண்டே பதிவு செய்ய அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். படத்தைப் பிறகு நிதானமாக வரைந்துகொள்ளலாம்.