வீட்டில் சுமக்கப்பட்ட விடுதலை

1776 ஜூலையில் அமெரிக்கா தன் விடுதலையை அறிவித்தபோது, ஜான் ஆடம்ஸ் பிலடெல்பியாவில் இருந்தார். அதே மாதத்தில், போதகரின் மகளாகிய அவர் மனைவி அபிகாயில், நான்கு பிள்ளைகளோடு பாஸ்டனுக்குச் சென்று பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்திக்கொண்டார். அந்நாளில் அச்சிகிச்சையே உயிரைப் பறிக்கக்கூடியது. மறுவருடம் அவருக்குப் பெண்குழந்தை இறந்தே பிறந்தது. அப்போதும் கணவர் அருகில் இல்லை. போர்க்கால விலையேற்றத்தின் நடுவே நிலத்தையும் பிள்ளைகளையும் அவரே பராமரித்தார்.

கையொப்பமிட்டவர்களையே சரித்திரம் தேசத்தின் தந்தையர் என்கிறது. வீட்டைக் காத்தவர்களும் தேசத்தைக் கட்டினவர்களே என்பது என் துணிபு. தனியே குடும்பபாரம் சுமக்கிறவர்கள் நம் நடுவிலும் உண்டு. அவர்களுடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டுக் கடந்துபோகிறோம். புகழ்ச்சி பாரத்தைக் குறைப்பதில்லை. இந்த வாரம் அவர்களில் ஒருவருடைய வாசலுக்குச் சென்று, அவருடைய பாரத்தில் பங்கெடுப்போமாக.