அடி உதவாது மாமா!

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு ஒரு பழமொழி இருக்கே, அதைக் கண்டுபிடிச்ச புண்ணியவானை ஒரு நாள் பூரா எங்க வீட்டுக் கொல்லையில சங்கிலி போட்டுக் கட்டணும். கோவத்துலதான் எழுதுறேன், பொறுத்துக்குங்க மக்களே.

விஷயம் என்னன்னா, பொறையார்ல ஒரு லாரி ஷெட்லேர்ந்து நாட்டு நாய்க்குட்டி ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். ஒரு மாசக் குட்டி. தாய்கிட்டேர்ந்து பிரிக்கிற வயசே இல்ல. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாதுன்னு 2017-லயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. நான் விலைக்கு வாங்கலதான். ஆனா காசு கைமாறுச்சா இல்லையான்னு குட்டிக்கா தெரியும்? முதல் தப்பு என்னோடது.

பேரு பொட்டு. எனக்கு வீட்டிலேர்ந்தே வேலை, அதனால பகல் பூரா காலடியிலயே கிடக்கும். பைக் சாவியை எடுத்தாப் போதும், நடுங்க ஆரம்பிச்சுடும். கேட்டைத் தாண்டினா ஊளை. கதவைப் பிராண்டிப் பிராண்டி நகத்துல ரத்தம்.

மாமா வந்தார். தரங்கம்பாடியில நாய் வளர்ப்புக்கு அவர்தான் அத்தாரிட்டி (அவரே சொல்லிக்கிறதுதான்!). "மாப்ள, பயமாவது ஒண்ணாவது, எல்லாம் திமிரு. கொல்லையில கட்டு, கத்தட்டும். ரெண்டு போடு, தானா அடங்கும். நாங்க வளக்காத நாயா?"

கேட்டேன். ரெண்டாவது தப்பு. ஒருநாள் காரைக்கால் போயிட்டு வந்தா, நிலைப்படியையே கடிச்சுக் குதறி வெச்சிருக்கு. பேப்பரைச் சுருட்டி நாலு வெச்சேன். மறுநாள் வெளிய போயிட்டு வந்தேன், வாயே திறக்கல, வாலை இடுக்கிக்கிட்டு நின்ன இடத்துலயே மூத்திரம் போயிடுச்சு. "பாத்தியா, பண்ணின தப்பு அதுக்கே தெரியுது"ன்னார் மாமா.

தெரியாது மாமா. அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைச் சோதிச்சு 2009-லயே கட்டுரை எழுதிட்டாங்க. தொடக்கூடாதுன்னு சொன்ன தீனியைத் தின்ன நாயும் சரி, தொடவே தொடாத நாயும் சரி, வளர்க்கிறவர் திட்டினா அதே குத்தவாளி மூஞ்சிதான். செஞ்ச தப்புக்கும் அந்த மூஞ்சிக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம குரலுக்குத்தான் சம்பந்தம்.

சரி, பயமா திமிரான்னு நானே பாத்துடுவோம்னு (பொறியியல் புத்தி!) பழைய மொபைல்ல வீடியோவை ஓட விட்டு, முள் எடுத்த வேகவெச்ச மத்தியைத் தட்டுல வெச்சுட்டுக் கிளம்பினேன். மத்தின்னா பொட்டு உயிரையே விடும். அன்னிக்கு மோந்துகூட பாக்கல. மூச்சிரைக்கக் கதவுக்கும் ஜன்னலுக்கும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. திமிர் புடிச்ச நாயா இருந்தா மீனைத் தின்னுட்டுல்ல கத்தும்?

"நாங்க வளக்காத நாயா"ங்கிறதுக்கும் பதில் சொல்லிடறேன். நீங்க வளத்த நாய் ஒரு நாள்கூட தனியா இருந்ததில்ல மாமா. வீட்டுல பத்துப் பேர், திறந்தே கிடக்குற கதவு. இப்பவும் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்க, வலை பின்னுறவங்க பக்கத்துல படுத்திருக்கும். பூட்டின வீட்டுக்குள்ள ஒத்தையா கிடக்குறதை நாய்க்குக் குடுத்தது நம்ம தலைமுறை. 2020 லாக்டவுன்ல ஆசைக்கு நாய் வாங்கிட்டு, ஆபீஸ் திறந்ததும் தெருவுல விட்ட என் ஜாதி ஐ.டி. ஆளுங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அப்புறம் என்னதான் பண்ணினேன்? சாவியை எடுப்பேன், எங்கயும் போகாம திரும்ப உக்காருவேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. சாவிக்கு நடுங்குறது நின்னப்புறம் செருப்பு. அப்புறம் கேட். வெளிய பத்து செகண்ட், முப்பது செகண்ட், ஒரு நிமிஷம். பயம் தலைதூக்குறதுக்கு முன்னாடியே உள்ள வந்துடணும், அதுதான் சூட்சுமம். ஒரு தடவை சொதப்பினா, நேரத்தைக் குறைச்சுத் திரும்ப ஆரம்பிக்கணும். ரொம்ப நேரம் வெளிய போக வேண்டியிருந்தா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட விட்டுட்டுப் போயிடுவேன். அரை மணி நேரத்தைத் தொட ஆறு வாரம் ஆச்சு. முத்திப்போன கேஸ்னா கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க, இதுக்கு மருந்தும் இருக்கு.

நேத்து பொறையார் போயிட்டு வந்தேன், ஐம்பது நிமிஷம். வீடியோவுல பொட்டு மத்தியைத் தின்னுட்டு, வாசலை ஒரு தடவை பாத்துட்டு, என் பழைய லுங்கி மேல சுருண்டு தூங்குது. மாமாகிட்ட காட்டினேன்.

"நான்தான் அன்னிக்கே ரெண்டு போடச் சொன்னேன்ல"ங்கிறார்!