பந்தயப் பருவத்துக்கு முன் ஒரு கேள்வி

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் மலையகத்தில் கார்ப் பந்தயப் பேச்சும் கூடவே வரும். பத்திரிகைகள் முன்னோட்டம் எழுதும். எந்தக் கார், எந்தச் சாரதி, யாருக்குக் கிண்ணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சனம் எங்கே நிற்கும் என்பது மட்டும் இராது.

2024 ஏப்ரல் 21 அன்று பதுளை மாவட்டத்தின் தியத்தலாவையில், இராணுவம் நடத்திய பொக்ஸ் ஹில் பந்தயத்தில், தடம் விலகிய கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. எழுவர் மாண்டனர், அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடந்த பந்தயம்; அனுமதி இலவசம். பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டத்து லயங்களில் வாழ்வோரும் காசின்றிக் காணக்கூடிய வேடிக்கை அது. இலவசமாக வந்தவன் உயிரும் இலவசமா?

'விதி' என்று சிலர் பெருமூச்செறிந்தனர். இல்லை ஐயா, அங்கே இல்லாது போனதுதான் விதி!

அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பினர் புனிதர்கள் அல்லர். ஆயினும் 1987இல் டல்லடேகா திடலில் பொபி அலிசனின் கார் வேலியைக் கிழித்துப் பார்வையாளர் காயமுற்றபோது, அவர்கள் விதியை நோகவில்லை. 1988 முதல் அத்திடலிலும் டேட்டோனாவிலும் எஞ்சினுக்குச் செல்லும் காற்றைக் குறைக்கும் தகட்டைப் பொருத்தி, வேகத்தையே கட்டினார்கள்.

தடத்துக்கும் சனத்துக்கும் இடையே எத்தனை அடி? நடுவே என்ன தடுப்பு? எத்தனை பேருக்கு இடம்? ஏற்பாட்டாளர்கள் பந்தய அட்டவணைக்கு முன் இவற்றை வெளியிடட்டும். வெளியிடாத பந்தயத்துக்கு முன்னோட்டம் எழுதும் பத்திரிகையாளன் செய்தி எழுதவில்லை. ஆள் சேர்த்துக் கொடுக்கிறான்.