'எக்ஸ்பிளெய்ன் மீ' என்ற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை இங்கிலிஷ் டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரும், எங்களைப் போல வகுப்பறையில் நிற்பவர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வகை வீடியோ அடிக்கடி சுற்றும். ஒரு பிள்ளையோ ஆசிரியரோ மேடையில் இங்கிலிஷ் பேசுவார். 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்பார், இல்லாவிட்டால் 'டிஸ்கஸ் அபௌட்' என்பார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் அதே மேடையில் ஏறி இரண்டு வசனம் பேசுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், குழுமம் அப்படியே அமைதியாகிவிடும்.

பிழை பிழைதான். அதைச் சரி என்று வாதாட நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தப் பிழைக்குப் பிள்ளையின் மூளை காரணம் இல்லை. படிப்பிக்கிற முறைதான் காரணம்.

பல டியூஷன் வகுப்புகளில் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது? பலகையில் ஒரு பட்டியல். இன் என்றால் உள்ளே, ஒன் என்றால் மேலே, டு என்றால் 'கு', ஃப்ரொம் என்றால் 'இருந்து', வித் என்றால் 'உடன்'. கொப்பியில் எழுது, பாடமாக்கு, வெற்றிடம் நிரப்பு, புள்ளி எடு. பாடம் முடிந்தது.

பிள்ளை சொன்னதை அப்படியே செய்கிறது. 'பாம்புக்குப் பயம்' என்பதில் 'கு' இருக்கிறது, ஆகவே 'அஃப்ரெய்ட் டு ஸ்னேக்ஸ்' என்று எழுதுகிறது. சரியானது 'அஃப்ரெய்ட் ஒஃப்'. 'வாப்பாவுக்கு உதவி செய்தேன்' என்பதிலும் 'கு' இருக்கிறது, ஆகவே 'ஹெல்ப் டு மை ஃபாதர்'. அங்கே இடையில் எதுவுமே வரக்கூடாது. 'டீச்சரிடம் கேட்டேன்' என்பது 'ஆஸ்க் ஃப்ரொம் டீச்சர்' ஆகிறது. 'அவரோடு கல்யாணம் நடந்தது' என்பது 'மெரீட் வித் ஹிம்' ஆகிறது. சரியானது 'மெரீட் டு ஹிம்'. இத்தனைக்கும் பிள்ளை எங்கே பிழை விட்டது? நீங்கள் கொடுத்த பட்டியலை நம்பியதுதான் அதன் பிழை.

'எக்ஸ்பிளெய்ன் மீ' வந்த வழியையும் பாருங்கள். டெல் மீ, ஷோ மீ, டீச் மீ, மூன்றும் சரி. அப்படியென்றால் எக்ஸ்பிளெய்ன் மீ ஏன் பிழை என்று பிள்ளை கேட்டால் பட்டியலில் பதில் இல்லை. அந்த வினைச்சொல்லின் வழக்கம் அப்படி, அது 'டு மீ' என்றுதான் கேட்கும். வினைச்சொல்லைப் படிக்கும் நாளிலேயே அதனோடு வரும் சிறு சொல்லையும் சேர்த்துப் படித்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

இது நமக்குப் புதிய விஷயமா? நம் தமிழும் இப்படித்தான். 'எனக்குப் பிடிக்கும்' என்கிறோம், 'என்னைப் பிடிக்கும்' என்றால் வேறு கருத்து. 'அவரை நம்பினேன்' என்கிறோம், 'அவருக்கு நம்பினேன்' என்று யாரும் சொல்வதில்லை. எந்த வினைக்கு எந்த உருபு என்று உம்மா நமக்குப் பட்டியல் போட்டுத் தந்தாரா? முழு வசனமாகக் கேட்டோம், முழு வசனமாகப் பேசினோம்.

அரபு படித்த மௌலவிமாரைக் கேளுங்கள். 'ரகிப' என்ற வினைக்குப் பின்னால் 'ஃபீ' வந்தால் விரும்பினான், 'அன்' வந்தால் வெறுத்து ஒதுங்கினான். வினை ஒன்றுதான், சிறு சொல் மாறினால் கருத்துத் தலைகீழ். அதனால்தான் வினையை அதன் சிறு சொல்லோடு சேர்த்தே படிக்கிறார்கள். இங்கிலிஷிலும் இதே கதைதான். 'ஷௌட்டட் டு மீ' என்றால் தூரத்தில் நின்று என்னைச் சத்தமாகக் கூப்பிட்டார். 'ஷௌட்டட் அட் மீ' என்றால் எனக்கு ஏசினார். ஒரு பிள்ளை முறைப்பாடு எழுதும்போது இந்த ஒரு சொல் மாறினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரி, 'லுக் ஃபோர்' என்றால் தேடு. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு சகோதரிக்கு இந்த வித்தியாசம் வெறும் ஐந்து புள்ளிக் கேள்வியா?

பிரதிப் பெயர்ச்சொல்லுக்கும் இதே நியாயம்தான். சிறு சொல்லுக்குப் பின்னால் 'ஐ' வராது, 'மீ' வரும். 'ஹீ' வராது, 'ஹிம்' வரும். இதற்கு ஒரு பக்க விதி தேவையில்லை. தமிழில் 'நானுக்கு' என்று மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லாது, 'எனக்கு' என்றுதான் சொல்லும். 'டு ஐ' என்பதும் அதே 'நானுக்கு'தான். இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் வேண்டுமா? நாம் தினமும் சொல்லும் ஸலாத்தில் 'அலைக்கும்' இருக்கிறதே, அது 'அலா' என்ற சிறு சொல்லும் 'கும்' என்ற பிரதிப் பெயரும் சேர்ந்தது. தனியாக நின்றால் 'அன்தும்', சிறு சொல்லோடு சேர்ந்தால் 'கும்'. நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் ஒருவரும் 'அலா அன்தும்' என்று சொல்வதில்லை. இலக்கணம் தெரிந்தா சொல்கிறார்கள்? காதால் கேட்டு, ஒரே துண்டாக வாயில் ஏற்றிக்கொண்டார்கள்.

'பிட்வீன் யூ அன்ட் ஐ' என்று இங்கிலிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே சொல்கிறார்கள். 'மீ' என்றாலே மரியாதைக் குறைவு என்று சின்ன வயதில் திருத்தப்பட்டவர்கள், தேவையில்லாத இடத்திலும் 'ஐ' போடுகிறார்கள். அளவுக்கு மீறித் திருத்தினால் வேறொரு பிழை பிறக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது சிலர் சொல்வார்கள்: "இலங்கை ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறதே, பிறகு ஏன் இந்தக் கவலை?" உண்மை, இருக்கிறது. 2007 இல் அதற்கென்றே மைக்கல் மெய்லர் தொகுத்த அகராதி வந்தது. 2009 ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தது. நம் பாணியில் பேசலாம், பிரச்சினையில்லை. 'டிஸ்கஸ் அபௌட்' என்றால் கேட்பவருக்கு விளங்கத்தான் செய்யும். ஆனால் பரீட்சைத் தாள் திருத்துபவரும் நேர்முகப் பரீட்சையில் இருப்பவரும் அந்தச் சலுகையைத் தருவதில்லை. நகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைப்பது நம் பிள்ளைக்கு வகுப்பறையில்தான் கிடைக்க வேண்டும். 'நம் பாணி' என்று சொல்லி அதையும் கொடுக்காமல் விடுவது அநியாயம்.

பல்கலைக்கழக மாணவர்கள் இங்கிலிஷுக்கு வைத்த பெயர் 'கடுவ'. வாள் என்று அர்த்தம். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டும் வாள். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. இணைப்பதற்கென்று சட்டத்தில் எழுதிய மொழியை வைத்து நம் பிள்ளைகளை நாமே வெட்டுகிறோம். ஒரு முறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை, குறிப்பாகப் பெண் பிள்ளை, அதற்குப் பிறகு வாயே திறப்பதில்லை. வாய் திறக்காத பிள்ளைக்கு எந்தப் பட்டியலும் உதவாது.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கிறோம்.

ஆசிரியர்களே, பட்டியலை அழியுங்கள். வினையையும் சிறு சொல்லையும் பிரதிப் பெயரையும் ஒரே துண்டாகக் கொடுங்கள்: லிஸன் டு மீ, வெய்ட் ஃபோர் ஹேர், டிபென்ட் ஒன் தெம், லாஃப் அட் அஸ். ஒரு நாளைக்கு ஐந்து போதும். எழுத முதல் சொல்ல வையுங்கள். 'பிக் இட் அப்' என்பதில் 'இட்' நடுவில்தான் வரும், 'பிக் அப் இட்' வராது என்பதையும் ஒரு பேனையைக் கீழே போட்டுவிட்டு, எடுக்கச் சொல்லிப் பழக்குங்கள். விதி பிறகு வரட்டும்.

பெற்றோரே, 'முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்' என்ற பதாகைக்குக் காசைக் கொட்ட முதல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு மணித்தியால வகுப்பில் என் பிள்ளை எத்தனை நிமிடம் பேசும்?" பதில் சொல்லத் தடுமாறினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வாருங்கள்.

குழுமத்தில் இருப்பவர்களே, அடுத்த வீடியோ வரும்போது சிரிப்பு முகத்தைப் போடாதீர்கள். திருத்தத் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குத் தனியாக, அன்பாகச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சும்மா இருங்கள். 'லாஃப் வித் அஸ்' என்றால் எங்களோடு சேர்ந்து சிரிப்பது, 'லாஃப் அட் அஸ்' என்றால் எங்களைப் பார்த்துச் சிரிப்பது. இந்த வித்தியாசத்தையாவது முதலில் நாம் படித்துக்கொள்வோம்.