பழைய சோறும் பொக்காளொவும்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் இதழ் நண்பர்கள் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பாய் விரித்து, தெருப் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டுகிறோம். போன மாதம் ஒருநாள் திறந்த புத்தகத்தில் பக்கம் முழுக்க ஒரு மண்சட்டி. சட்டியில் நீர் ஊற்றிய சோறு. பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு வடுமாங்காய். "பழைய சோறு!" என்று பிள்ளைகள் கூவினார்கள். இரண்டு மாதமாக அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போகும் ஆறு வயதுப் பெண் ஒருத்தி அன்று எழுந்து முன்னால் வந்தாள். சட்டியின்மேல் விரலை வைத்து, "பொக்காளொ" என்றாள்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவள் அண்ணன்தான் சொன்னான்: "அதேதான் அக்கா. ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிடுவாங்க. எங்க ஊர்லயும் எல்லாரும் சாப்பிடுவாங்க." அவர்கள் ஊர் ஒடிசாவில். அப்பாவுக்கு ஒரகடம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. பையன் இங்கே வந்து மூன்று வருடமாகிறது, தமிழ் பிடித்துக்கொண்டான். தங்கை இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு.

ஒடிசாவில் மார்ச் 20-ஆம் தேதியைப் பொக்காளொ நாள் என்றே கொண்டாடுகிறார்கள். பூரி ஜகந்நாதருக்கும் அது படையல். நமக்குப் பழைய சோறு எப்படியோ அவர்களுக்கு அப்படி. நடுவில் ஆந்திரக் கரை முழுவதும் கிடந்தாலும் சட்டி ஒன்றுதான். அந்தப் பெண் அன்று நிறுத்தவே இல்லை. தண்ணீருக்குப் பாணி, சோற்றுக்குப் பாத்தொ, உப்புக்கு லூணொ என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள். மற்ற பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அரை மணி நேரம் அவள் டீச்சர்.

நாங்கள் வாசித்தது இருமொழிப் புத்தகம். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். அவள் மொழி அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. இந்தத் தலையங்கம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இருமொழிப் படப்புத்தகம் என்றதும் நம் ஊரில் ஆங்கிலமும் இன்னொரு மொழியும் என்றுதான் மனசில் படிகிறது. அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்தோடு தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி, மராத்தி, குஜராத்தி, வங்காளம் என்று எட்டு இந்திய மொழிகளில் படப்புத்தகம் போடுகிறது. ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தாய்மொழியும் சேர்ந்து நிற்கும் புத்தகங்களையும் அவர்கள் விடாமல் கொண்டுவந்தார்கள். என் தலைமுறைக்கு இந்த வாய்ப்பு இல்லை. எங்களுக்கு மாஸ்கோவிலிருந்து வந்து நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்ற தமிழ்ப் புத்தகம் ஒரு பக்கம், பள்ளிக்கூட ஆங்கில ரீடர் ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே கிடையாது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தபிறகு, பிள்ளையின் பாடப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படித்துக் காட்ட முடியாத அம்மாக்கள் நம் தெருக்களிலேயே பெருகிவிட்டார்கள். அந்த அம்மா மடியில் வைத்துப் படிக்கக்கூடிய ஆங்கிலப் புத்தகம் தமிழும் சேர்ந்து அச்சான புத்தகம் ஒன்றுதான். இதைச் செய்த பதிப்பாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கடன்பட்டிருப்பதால்தான் ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பல இருமொழிப் புத்தகங்களில் தமிழ் ஆங்கிலத்தின் நிழலில் நிற்கிறது. ஓர் அணில் குட்டி மரத்திலிருந்து தவறி விழுகிறது என்று வையுங்கள். கீழே விழும்போது அது "ஓ, இல்லை!" என்கிறது. இந்தத் தெற்குப் புறநகர் முழுக்கத் தாம்பரம் வரை தேடினாலும் கீழே விழுந்து "ஓ, இல்லை" என்று கத்திய ஒரு குழந்தையைக் காட்ட முடியாது. "ஐயையோ" என்றோ "அம்மா" என்றோ கத்தும். வாசித்துக் காட்டுகிறவர் அந்த வரியில் தடுக்குவார். குழந்தைக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது, பயமும் வராது. நாங்கள் வாசிக்கும்போது அச்சில் இருப்பதை விட்டுவிட்டு வாயில் வருவதைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளை "அக்கா, புக்குல அப்படி இல்லையே" என்று கேட்கும்போது பதில் சொல்ல முடிவதில்லை.

இதோடு நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் "போறான்", புத்தகத்தில் "செல்கிறான்". வீட்டில் "சாப்டாச்சா", புத்தகத்தில் "உணவு உண்டாயா". நாலு வயதுக் குழந்தைக்கு எழுத்துத் தமிழே பாதி அயல் மொழி. அப்படியென்றால் தமிழ்-ஆங்கிலப் புத்தகத்தில் அந்தக் குழந்தை சந்திப்பது உண்மையில் இரண்டு புதிய மொழிகள். கதைமாந்தர் பேசும் இடங்களிலாவது பேச்சுத் தமிழ் வரட்டும், கதைசொல்லியின் நடை எளிய எழுத்துத் தமிழாக இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. குழந்தை இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ளும். "பேச்சுத் தமிழ் என்றால் எந்த ஊர்ப் பேச்சு?" என்ற கேள்வி எழும். எழுதுகிறவரின் ஊர்ப் பேச்சு. நெல்லைப் பாட்டி நெல்லைத் தமிழ் பேசினால் செங்கல்பட்டுப் பேரன் அதையும் கேட்டுக்கொள்ளட்டுமே.

அமெரிக்காவில் ஆங்கில-ஸ்பானிய இருமொழிப் படப்புத்தகங்களுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. ஹாரியட் ரோமர் என்பவர் 1975-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் பிரஸ் அதில் முன்னோடி. கூலி வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் வீட்டையும் தங்கள் மொழியையும் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பிரான்சிஸ்கோ அலார்கோன் என்ற கவிஞரின் வசந்த காலப் பாடல்கள் 1997-ல் அங்கேதான் வெளிவந்தன. தலைப்பில் சிரிக்கும் தக்காளிகள் வரும். பொது ஸ்பானியத்தில் தக்காளிக்கு 'தோமாத்தே' என்று சொல். அலார்கோன் தலைப்பில் வைத்தது 'ஹிதோமாத்தே'. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்டிலிலிருந்து ஸ்பானியத்துக்குள் வந்து, மெக்சிகோக்காரர் அடுப்படியில் புழங்கும் சொல். இந்த ஒரு சொல்லைப் பார்த்தபோது எனக்கு மரியாதை வந்தது. ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ஸ்பானியம் நின்றால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. எந்த வீட்டு ஸ்பானியம் என்பதையும் பார்த்தார். அடுத்த ஆண்டே, 1998-ல், கலிபோர்னியா மக்கள் பள்ளிகளில் இருமொழிக் கல்வியை ஒடுக்கும் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். அது மாற 2016 வரை ஆனது. அந்தப் பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் பள்ளியைத் தாண்டிவிட்டார்கள். ஸ்பானியம் அச்சில் கண்ணில் பட இப்படிப்பட்ட புத்தகங்கள் தேவைப்பட்ட காலம் அது.

இன்னும் பின்னால் போனால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஐரோப்பாவில் குழந்தைகளுக்கென்று அச்சான முதல் படப்புத்தகம் என்று பலரும் சொல்லும் 'ஆர்பிஸ் பிக்டஸ்', 1658-ல் நியூரம்பர்க் நகரில் வெளிவந்தபோதே இருமொழிப் புத்தகம்தான். லத்தீனும் ஜெர்மனும் பக்கத்துப் பக்கத்தில். எழுதிய கொமேனியஸ் மொராவியாக்காரர். மதப் போரில் சொந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்டு, ஊர் ஊராக அலைந்தவர். அவர் புத்தகத்தில் அகரவரிசை விலங்குகளின் குரல்களில் தொடங்குகிறது, அதிலும் முதலில் கரைவது காக்கை. அடுத்த பக்கங்களில் அவர் செய்த ஒரு வேலை இன்றைக்கும் பயன்படும். படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் போட்டார். அதே எண்ணை இரண்டு மொழி வரிகளிலும் அந்தப் பொருளின் பெயரோடு வைத்தார். ஒரு மொழி தெரிந்தவர் எண்ணைப் பிடித்துக்கொண்டு படத்துக்குப் போய், படத்திலிருந்து மறு மொழிக்குப் போய்விடலாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கினால் பெயர்ப்பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம். அங்கிருந்து ஒரகடம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒடியா, வங்காளம், போஜ்புரி, தெலுங்கு எல்லாம் காதில் விழும். இருபது வருடத்துக்கு முன் இங்கே வயலும் ஏரியும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம். கார் கம்பெனிகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் வந்தன, கூடவே ஆட்கள் வந்தார்கள். முதலில் தனி ஆளாக வந்தவர்கள் இப்போது குடும்பத்தோடு இருக்கிறார்கள். 2006-ல் நிறைவேறிய தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அது சரியான சட்டம், இங்கே வாழும் பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை தன் வீட்டு மொழியிலிருந்து தமிழுக்குக் கடந்து வர ஒரு படப்புத்தகம் வேண்டாமா? தமிழும் ஒடியாவும் ஒரே பக்கத்தில் இருக்கும் குழந்தைப் புத்தகம் கேட்டு நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்கூடக் கிடைக்கவில்லை.

இந்தியோடு சேர்ந்து ஒரு தமிழ்ப் புத்தகம் என்றால் நம் வாசகர்களில் சிலருக்கு நெருடும் என்று தெரியும். திணிப்பை எதிர்த்து நின்ற மண் இது, அந்த நெருடலை நாங்கள் மதிக்கிறோம். இங்கே நடப்பது தலைகீழ் என்பதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். பிகாரிலிருந்து வந்த குழந்தை தன் மொழியைப் படியாக வைத்துத் தமிழுக்குள் ஏறி வருகிறது. அந்தப் புத்தகம் பக்கத்தில் கிடந்தால் நம் பிள்ளை எதையும் இழப்பதில்லை. நமக்கு முந்தைய ரயில் நிறுத்தம் மறைமலை நகர். 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊர். அடிகள் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர், ஆங்கிலத்தில் இதழ் நடத்தியவர். தமிழில் கலப்பு வேண்டாம் என்றவர் அடுத்த மொழிகளை அவ்வளவு ஆழமாகப் படித்திருந்தார்.

செய்ய முடியாத வேலையா இது? ஒடியாவும் நம்மைப் போலவே எழுத்தாணி பிடித்துப் பனையோலையில் எழுதப்பட்ட மொழி. வளைந்து வளைந்து போகும் அதன் எழுத்தைப் பார்த்தால் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஒடியாவிலும் ஏராளமான படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. யாரும் எடுத்து மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். அதே நிறுவனம் ஒடிசாவின் முண்டா, குயி, சவுரா, ஜுவாங் மொழிகளிலும் அந்த மக்களையே எழுத வைத்து, வரைய வைத்துக் குழந்தைப் புத்தகம் போட்டிருக்கிறது. அச்சகத்தில் நிற்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நான்கு வண்ண அச்சில் எழுத்து கறுப்பில் மட்டும் இருந்தால், மொழியை மாற்ற ஒரே ஒரு பிளேட்டை மாற்றினால் போதும். படத்தின் மற்ற மூன்று பிளேட்டும் அப்படியே இருக்கும். எழுத்தை வண்ணப் படத்தின்மேல் வெள்ளையாக வைத்தால்தான் நாலு பிளேட்டும் மாறிச் செலவு கூடும். படப்புத்தகம் வடிவமைக்கும் நண்பர்கள் தொடக்கத்திலேயே இதை நினைத்துச் செய்தால், ஒரே படத்துக்குத் தமிழ்-ஆங்கிலம், தமிழ்-ஒடியா, தமிழ்-இந்தி என்று மூன்று புத்தகம் வரும்.

எங்களால் புத்தகம் போட முடியாது. அடுத்த இதழிலிருந்து நடு எட்டுப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கிறோம். கறுப்பு வெள்ளைதான். தமிழும் ஒடியாவும் முதலில், பிறகு தமிழும் இந்தியும், தமிழும் தெலுங்கும். இந்த மொழிகளை எழுதப் படிக்கத் தெரிந்த வாசகர்கள் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்தால் பேருதவியாக இருக்கும். நாங்கள் காதில் கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம், அதில் பிழை இருக்கும்.

முதல் படம் தயார். அதே சட்டி. கொமேனியஸ் காட்டிய வழியில் எண் போட்டிருக்கிறோம்: சோறு, நீர், வெங்காயம், மிளகாய், வடுமாங்காய். அந்தப் பெண்ணுக்கு ஒடியா பேசத் தெரியும், எழுதத் தெரியாது. அவள் அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து, தூங்காமல் வந்து, பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்தையே ஸ்கேன் செய்து அச்சிடுகிறோம். மிளகாய்க்கு லொங்கா என்று எழுதினார். ஐந்தாம் எண்ணுக்கு வந்ததும் நிறுத்தினார். "எங்க ஊர்ல பொக்காளொவுக்கு இது வெக்கிறதில்ல சார், இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். மகள் சொன்னாள். அவள் சொன்னதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, வடுமாங்காய் என்று ஒடியா எழுத்தில் எழுதினார்.