சென்னையில் கிடைக்கும் பேருந்து தோட்டத்துக்கு எப்போது வரும்?

தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்க விமானம் ஏறுவது இப்போது வசதியுள்ளவர்களின் வழக்கம் மட்டுமல்ல. சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டக் குடும்பங்களும் கூட்டுப் பிடித்துப் பணம் சேர்த்து, மலிவு டிக்கெட் கிடைக்கும் நாளில் சென்னைக்கோ திருச்சிக்கோ போய் வருகின்றன.

திரும்பி வருபவர்கள் முதலில் சேலை விலையைச் சொல்வார்கள். அடுத்து வருவது பேருந்துப் பேச்சு. சிரம்பானுக்குப் போகவே மகனின் மோட்டார் சைக்கிளையோ கிராப் வண்டியையோ எதிர்பார்க்கும் அம்மா, சென்னையில் மட்டும் தன்னந்தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் வந்துவிடுகிறார்.

அதற்கான வசதி அங்கே இருக்கிறது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெருவில் வாங்கிய மூட்டைகளோடு சாலை நெரிசலில் சிக்காமல் பேருந்தைப் பிடிக்கலாம். சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான்.

பெண்களுக்கு அதுவும் இல்லை. 2021 மே 7ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்ற மு.க.ஸ்டாலின், அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். கர்நாடகம் 2023 ஜூனில் தொடங்கிய இதே போன்ற திட்டத்தில் அம்மாநிலத்தவர் என்பதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். தமிழகத்தில் அப்படிக் கேட்பதில்லை. ஏறுபவர் மயிலாப்பூரா, மந்தினா என்று நடத்துநருக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. காலை மாலை நேரங்களில் நிற்கவும் இடம் இருக்காது. 2022இல் ஓர் அமைச்சரே இதை ‘ஓசி’ பயணம் என்று பேசிச் சர்ச்சையில் சிக்கினார். ஆனால் இது ஓசி அல்ல. போக்குவரத்துக் கழகங்களுக்கு அந்தக் கட்டணத்தை அரசு ஈடுகட்டுகிறது. பெண்கள் இதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார்கள் என்று தமிழ்நாடு மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. வேலைக்குப் போகும் ஏழைப் பெண்ணுக்கு அது சிறிய தொகை அல்ல.

இங்கே நிலைமை என்ன? கிள்ளான் பள்ளத்தாக்கில் 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் பயணம் செய்யும் மை50 அட்டை இருக்கிறது. ரேபிட் கேஎல் சேவை ஓடாத தோட்டத்துக்கு அந்த அட்டையால் பயனில்லை. சிரம்பானில் 2015இல் அரசு மானியத்துடன் உள்ளூர்ப் பேருந்துச் சேவை சீரமைக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் பல தோட்டங்களில் வீட்டு வரிசை பெரிய சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. பேருந்து சாலையோடு போய்விடும். செம்பனைக்கு நடுவே நடந்து வந்தால்தான் நிறுத்தம்.

அரசாங்கம் போக்குவரத்துக்குச் செலவு செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டம், ஒரு லிட்டர் ரோன்95 பெட்ரோலை 1 ரிங்கிட் 99 காசுக்குக் கொடுத்தது. அதைப் பெற மைகார்டோடு செல்லுபடியாகும் வாகனமோட்டும் லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் இல்லாத பாட்டிக்கு, மோட்டார் ஓட்டாத தாய்க்கு, பள்ளி மாணவிக்கு அந்த உதவி நேரடியாகக் கிடைக்காது. தமிழகம் பயணம் செய்யும் பெண்ணுக்கு மானியம் தருகிறது. இங்கே வண்டி ஓட்டுபவருக்கே மானியம் போகிறது. வேறுபாடு இதுதான்.

ஆகவே தோட்ட மக்கள் கேட்க வேண்டியது இலவசப் பயணத்தை அல்ல. கட்டணம் கொடுக்க அவர்கள் தயார். தோட்டத்து வாசல் வரை, சொன்ன நேரத்துக்கு ஒரு வண்டி வந்தால் போதும். மருத்துவமனைச் சந்திப்பு உள்ள நாளில் துவாங்கு ஜாபாருக்குக் காலையில் ஒரு நடை, சந்தை நாளில் ஒரு நடை என்று தொடங்கலாம். பெரிய பேருந்து நுழைய முடியாத இடத்துக்கு, கிள்ளான் பள்ளத்தாக்கில் அழைத்தால் வருகிற சிறு வேன் சேவை போன்ற ஒன்று பொருத்தமாக இருக்கும்.

சட்டமன்ற உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது கோயிலுக்கு மானியமும் மண்டபத்துக்குக் கூரையும் கேட்பது வழக்கம். அந்தப் பட்டியலில் பேருந்தும் சேர வேண்டும். ஊர் விட்டு ஊர் போய் ஒரு வாரம் கிடைத்த சுதந்திரம், சொந்தத் தோட்டத்தில் வருடம் முழுவதும் கிடைக்க வேண்டியது.